சுறாத்தோல்

செம்பன் உறுமியது. சவிரியான் கிழிசல் பொத்திக்கொண்டிருந்த வலையைக் கீழே வைத்தான்.

நாய் பூவரசின் கீழே படுத்திருந்தது. முன்னங்கால்களுக்கு நடுவில் காய்ந்த சுறாத்தோல். மீன் காயவைக்கிற வாடியில் சுறா வெட்டினால் தோலை உரித்துக் கூரைமேல் எறிவார்கள். சில நாள் வெயிலில் அது செருப்பைப்போல ஆகிவிடும். ஒரு துண்டு கிடைத்தால் செம்பனுக்கு அன்று பகல் முழுக்க வேறு வேலை இராது.

யூஜின் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, கள்ளுக் குடித்தவனைப்போல, நாயை நோக்கிப் போனான். நாயின் மேலுதடு சுருங்கிப் பல் தெரிந்தது. உறுமல் தொண்டையின் அடியிலிருந்து வந்தது.

அனஸ்தாசியா குசினியிலிருந்து ஓடிவந்து மகனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

சவிரியான் வீட்டுக்குள் போனான். கதவின் பின்புறம் ஆணியில் திருக்கை மீனின் வால் தொங்கியது. முள்ளைப் பிடுங்கி, எண்ணெய் பூசி, நிழலில் உலர்த்தியது. அந்தக் கரையில் பல வீடுகளில் அது உண்டு. பிரம்பு தோலில் தடிப்பை மட்டும் விடும். திருக்கைவால் தோலை எடுத்துக்கொண்டு வரும்.

முதல் அடியிலேயே நாய் தோலை விட்டுவிட்டது. மற்ற அடிகள் உறுமியதற்காக விழுந்தன.

"இந்த வளவுக்குள்ள ஆரும் உறுமுறதெண்டா அது நான்தான்" என்றான் சவிரியான்.

மூத்தவள் மக்டலின் கிணற்றடியில் நின்றாள். எட்டு வயது. அவளுடைய கெண்டைக்காலிலும் அந்த வாலின் பழைய கோடு ஒன்று இருந்தது. அவள் தண்ணீர் வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

எத்தாளைக் கரைக்கு அவர்கள் வந்தது போர் முடிந்து முகாமிலிருந்து விட்ட வருடம். முல்லைத்தீவில் இருந்த வளவில் அப்போது ஆமி இருந்தது. நீர்கொழும்பு முதலாளி ஒருவர் தன்னுடைய கருவாட்டு வாடியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். வாடியோடு ஒட்டி ஓர் ஓலை வீடும் தந்தார். நாய் பிறகு வந்தது. வாடிக்கு நாய் வேண்டும். காகம், ஊர் நாய், பன்றி, இருட்டில் வரும் மனிதர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நாய்.

வாடி நாய்க்கு ஒரே சட்டம். வாயில் இருப்பதைச் சொன்னவுடன் விட வேண்டும். இன்று தோலுக்குச் சண்டை பிடிக்கிற நாய் நாளைக்கு முழு அறக்குளா மீனைத் தின்னும் என்பார்கள். ஆகையால் குட்டியிலேயே அதன் வாய்க்குள் கையை விட்டுப் பறிப்பார்கள். முறைத்தால் அடிப்பார்கள். முறைக்காத நாள் வரைக்கும் அடிப்பார்கள். தன்னைக் கடலுக்குப் பழக்கிய சம்மாட்டியும் நாய்களை அப்படித்தான் பழக்கினார் என்று சவிரியான் சொல்வான். செம்பன் வளர்ந்த பிறகு வந்த நாய். அதனால்தான் இந்தக் குறை என்பது அவன் கட்சி.

அனஸ்தாசியாவின் கட்சி வேறு. அன்று பின்னேரமே அவள் வீட்டுக்குப் பின்னால் நாலு கம்பு நட்டு, பழைய வலையைச் சுற்றிக் கட்டினாள். தோல் கிடைத்தால் நாயை அதற்குள் விட்டுப் படலையைச் சாத்துவாள். உள்ளே அது மெல்லும். பிள்ளைகள் வெளியே. தோலைத் திருப்பி எடுக்க வேண்டுமென்றால் அவித்த மீன்தலை ஒன்றைத் தூரத்தில் போடுவாள். நாய் தலைக்குப் போகும். அவள் தோலை எடுப்பாள். கொஞ்ச நாளில், அவள் சட்டியோடு வருவதைக் கண்டாலே நாய் தோலை விட்டெழும்பி வாலாட்டியது.

"நாய்க்கும் லஞ்சமோ?" என்றான் சவிரியான். "அரசாங்கக் கச்சேரியில வேலை செய்யவேண்டிய ஆள் நீ."

அவள் சிரிக்கவில்லை. "அது உறுமினபடியாத்தான் நான் ஓடிவந்தனான். உறுமாட்டி எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

வாடியில் நாயை நம்பித்தான் அவன் படுக்கிறான். வீட்டில் அதே நாயை நம்பி மகன் நடக்க வேண்டும். வலையும் மீன்தலையும் பெண்களின் சமாளிப்பு. அவனுக்குச் சமாளிப்பு வேண்டாம், நாய் அடங்க வேண்டும்.

அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து அவன் நாயை வெளியே எடுப்பான். தோலைப் போடுவான். மெல்ல விடுவான். பிறகு ஒரு கையில் திருக்கைவாலோடு கிட்டப் போய் மற்றக் கையால் தோலைப் பிடிப்பான். உறுமினால் அடி. பல்லைக் காட்டினால் அடி. மூக்கைச் சுருக்கினாலும் அடி. ஒருநாள் அடித்த அடியில் காது கிழிந்து தொங்கியது. ஈ மொய்த்தது. அனஸ்தாசியா மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினாள். ஒன்றும் பேசவில்லை. பேசினால் அடுத்தது தன் முதுகு என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

கச்சான் காற்று தொடங்கிய நாட்களில் நாய் உறுமுவதை விட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்மா நாள், கருவாட்டு வியாபாரி ஹுனைஸ் காக்கா தில்லையடியிலிருந்து வரமாட்டார். சனிக்கிழமை லொறியோடு வந்து கருவாடு ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோவார். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்தவர்; அண்ணன் முறையில் எல்லோருக்கும் காக்கா. உடம்பு பெருத்த மனிதர், வாயும் அப்படித்தான். அந்தச் சனிக்கிழமை ஏற்றுகிற ஆட்கள் தேத்தண்ணிக்கு இருந்தபோது சவிரியான் செம்பனைக் கூப்பிட்டான். தோல் ஒன்றை எறிந்தான். நாய் மெல்லத் தொடங்கியது. அவன் வெறுங்கையோடு போனான்.

நாய் மெல்லுவதை நிறுத்தியது. தலை தோலின்மேல் தாழ்ந்தது. உடம்பில் ஒரு மயிர்கூட அசையவில்லை. கடைக்கண்ணில் மட்டும் கொஞ்சம் வெள்ளை தெரிந்தது. சவிரியான் வாய்க்குள் விரலை விட்டுத் தோலை இழுத்தெடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

ஆட்கள் கை தட்டினார்கள்.

"நாயும் வாய் திறக்குதில்ல, பொஞ்சாதியும் வாய் திறக்குறா இல்ல" என்றார் ஹுனைஸ் காக்கா. "குடுத்து வச்ச மனிசன் தம்பி நீங்க. எங்கட ஊட்டுக்கும் ஒருக்கா வந்து பழக்கிட்டுப் போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அனஸ்தாசியா கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சவிரியான் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினான். தோலைத் திருப்பி எறிந்தான். திரும்பவும் போனான். நாய் திரும்பவும் நிறுத்தியது.

"கண்டியோ பிள்ளை? கிட்டப் போனவுடன மெல்லுறதை நிப்பாட்டுது. அதுதான் மரியாதை."

மக்டலின் தலையை ஆட்டினாள்.

மறுநாள் அவன் பின்வளவு வலையை அவிழ்த்தான். காயப்போட்ட கீரிமீனுக்குமேல் காகத்துக்கு மறைப்புப் போட வலை தேவைப்பட்டது. கம்புகள் மட்டும் நின்றன. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று அனஸ்தாசியா கேட்டாள். நாய் திருந்திவிட்டது, நீதான் திருந்தவில்லை என்றான். அவள் அந்தப் பேச்சை விட்டாள். அந்த வீட்டில் பேச்சு அப்படித்தான் முடியும்.

அடுத்த சனிக்கிழமை காலை, சவிரியான் தராசடியில் ஹுனைஸ் காக்காவோடு நின்றான். வீட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. பிள்ளை அழுகிற சத்தமாக அது இருக்கவில்லை. அழுகை பிறகுதான் வந்தது.

அவன் ஓடினான். குசினி வாசலில் பாதி துருவிய தேங்காய் உருண்டு கிடந்தது. அனஸ்தாசியா முற்றத்தில் முழங்காலில் இருந்தாள். யூஜினின் முகத்தைத் தன் சட்டையோடு சேர்த்து அழுத்தியிருந்தாள். அவள் கையை எடுத்தபோது அவன் பார்த்தான். இடது கன்னம் வாயோரத்திலிருந்து திறந்திருந்தது. உள்ளே பல் தெரிந்தது. அப்போதுதான் முளைத்த பல்.

"உறுமேல்லை" என்றாள் அவள். "ஒரு சத்தமும் கேக்கேல்லை எனக்கு."

மக்டலின் பூவரசில் முதுகைச் சாய்த்து நின்றாள். தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தது அவளிடம். அவள் அழவில்லை.

ஹுனைஸ் காக்கா மூச்சு வாங்க வந்தார். பிள்ளையைப் பார்த்தார். தன் தோளிலிருந்த துவாயை எடுத்து அனஸ்தாசியாவிடம் கொடுத்து, லொறியில் ஏறும்படி சொன்னார். மூட்டைகளை ஆட்கள் பாதையிலேயே இறக்கிப் போட்டார்கள். சவிரியானையும் ஏறச் சொன்னார்.

"நீங்கள் போங்கோ" என்றான் சவிரியான். "நான் பின்னால வாறன்."

அனஸ்தாசியா லொறிக்குள்ளிருந்து அவனைப் பார்த்தாள். லொறி போய்விட்டது.

நாய் ஓடவில்லை. வீட்டுக்குப் பின்னால், வலை இல்லாத நாலு கம்புக்கு நடுவில் போய்ப் படுத்திருந்தது. தோலையும் கொண்டுபோயிருந்தது. அதன் மோவாயில் இருந்தது மகனின் இரத்தம்.

சவிரியான் துடுப்பை எடுத்து வந்தான். தோலின்மேல் காலை வைத்தான். நாய் மெல்லுவதை நிறுத்தியது. தலை தாழ்ந்தது. கடைக்கண்ணில் வெள்ளை.

"உறுமடா" என்றான்.

நாய் அசையவில்லை. அவன் துடுப்பின் தட்டையால் விலாவில் அடித்தான். உள்ளே ஏதோ முறிந்தது அவன் கைக்குத் தெரிந்தது.

"உறுமடா நாயே. இப்ப உறுமு."

காலால் உதைத்தான். குனிந்து கிழிந்த காதைப் பிடித்துத் தலையைத் தூக்கி அதன் முகத்துக்குள் கத்தினான். அது அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தது. சத்தமே இல்லை. பல் எலும்புவரை போனது. அவன் துடுப்பைக் குறுக்கப் பிடித்துக் கழுத்தின்மேல் வைத்து, முழங்காலை அதன்மேல் ஊன்றி, முழுப் பாரத்தையும் கொடுத்தான். பின்னங்கால்கள் மணலைத் தோண்டின. பிறகு தோண்டவில்லை. வாய் தானாகத் திறந்து கையை விட்டது.

அவன் எழுந்தபோது மக்டலின் வீட்டு மூலையில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. பக்கத்து வளவுப் பாக்கியம்மா வீட்டுக்குப் போ என்றான். அவள் போகவில்லை. நின்று திட்ட அவனுக்கு நேரமில்லை. உடுத்திருந்த சாரத்தின் ஓரத்தைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு மோட்டார்சைக்கிளை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் யூஜினை நாலு பேர் பிடித்திருந்தார்கள். காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார்கள். பிறகு திறந்த கன்னத்தைச் சுற்றி ஊசி போட்டார்கள், ஒவ்வொரு ஓரத்திலும். பிள்ளையின் குரல் அடைத்து, கடைசியில் வாய் மட்டும் திறந்து மூடியது. அனஸ்தாசியா அவன் கால்களைப் பிடித்திருந்தாள். புருசனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

டொக்டர் சிங்களத்தில் கேட்டதைத் தாதி தமிழில் சொன்னாள். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா? இல்லை. வளர்ப்பு நாய்தானே? ஓம். அப்படியென்றால் நல்லது, கட்டி வைத்துச் சாப்பாடு கொடுத்துப் பாருங்கள். இரண்டு கிழமை சுகமாக இருந்தால் அதற்கு வெறி பிடிக்கிற விசர்நோய் இல்லை என்று நம்பலாம். முகத்தில் கடித்தால் விசர் கெதியாக மூளைக்கு ஏறும், அதனால் நாயைப் பற்றித் தெரிவது முக்கியம்.

சவிரியான் கையைப் பின்னால் ஒளித்தான்.

தாதி அவன் கையில் சுற்றிய சாரத்தைப் பார்த்தாள். "அடிச்சுப் போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஓம்."

அவள் டொக்டரிடம் சொன்னாள். டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். பிறகு மெதுவாக, தாதிக்கு இடம்விட்டு விட்டுப் பேசினார். அப்படியென்றால் தலை வேண்டும். வெட்டி, பொலித்தீனில் சுற்றி, ஐசில் வைத்துக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். மூளையை அங்கே பார்ப்பார்கள். தலை நசுங்கியிருந்தால், புழுத்திருந்தால், காகம் கொத்தியிருந்தால் பார்க்க ஏலாது. தலையில் அடித்தீர்களா என்று கேட்டாள் தாதி.

அவன் யோசித்துப் பார்த்தான். விலா. கழுத்து. "இல்லை" என்றான்.

நாய் எங்கே கிடக்கிறது என்று கேட்டாள். வெளியில், வெயிலில், கருவாட்டு வாடிக்குப் பக்கத்தில். சொல்லும்போதே அவனுக்கு அந்த வாடியின் காகங்கள் நினைவுக்கு வந்தன. அவனுக்கும் ஓர் ஊசி போட்டார்கள். அவன் அதை உணரவில்லை.

மோட்டார்சைக்கிளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஹுனைஸ் காக்காவின் லொறியில் ஏறினான். பாலாவிச் சந்தி தாண்டியபிறகு காக்கா ஒருதரம் மட்டும் வாய் திறந்தார்.

"அண்டைக்கி நான் சிரிச்சிருக்கக் கூடா."

காகங்கள் பூவரசில் கறுப்பாக இருந்தன. கூரையிலும் இருந்தன. ஊர் நாய்கள் வேலியோரமாகக் காத்திருந்தன. சவிரியான் லொறி நிற்கமுன் குதித்து வீட்டின் பின்பக்கம் ஓடினான்.

மக்டலின் கம்புகளுக்கு நடுவில், நாயின் தலைமாட்டில் இருந்தாள். நாயின்மேல் யூஜினின் தொட்டில் சேலை போர்த்தியிருந்தது. அவள் கையில் திருக்கைவால். காகம் ஒன்று தாழப் பறந்தது. அவள் எழும்பாமலே வீசினாள். வால் காற்றில் கீச்சிட்டது. பக்கத்தில் ஒரு காகம் கழுத்து முறிந்து கிடந்தது. வேலிக்குள் தலை நீட்டிய ஊர்நாய் ஒன்றின் மூக்கில் இரத்தம். அவளுடைய உள்ளங்கைகள் தோலுரிந்து சிவந்திருந்தன. முகம் வெயிலில் கறுத்திருந்தது.

அவன் சேலையைத் தூக்கிப் பார்த்தான். தலை முழுதாக இருந்தது. கண்கூட.

வாடியிலிருந்து சுறா வெட்டுகிற கத்தியை எடுத்து வந்தான். மகளைப் போகச் சொன்னான். இந்த முறை அவள் போய்க் கிணற்றடியில் திரும்பி நின்றாள். அவன் வெட்டினான். கழுத்து முறிந்திருந்ததால் கத்தி சுலபமாக இறங்கியது. கைக்காயத்திலிருந்து மறுபடி இரத்தம் வந்தது. தலையைப் பொலித்தீனில் சுற்றி, ஐஸ் நிரப்பிய றெஜிபோம் பெட்டிக்குள் வைத்து மூடினான். மீன் வைக்கிற பெட்டி. அதன்மேல் முதலாளியின் பெயர் எழுதியிருந்தது.

ஹுனைஸ் காக்கா பெட்டியைத் தூக்கினார். ஓரத்தில் இரத்தமும் ஈரமும் ஒழுகியது. வேண்டாம், நான் தூக்குகிறேன் என்றான் சவிரியான்.

"உங்கட கை கிழிஞ்சி இருக்கு. தாங்க." அவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "நாய்ட ஈரம் பட்டா எங்கட மார்க்கத்துல ஏழு தரம் கழுவினாச் சரி, ஒரு தரம் மண் போட்டு. புள்ளைட உசிரக் கழுவி எடுக்கேலாதே."

பெட்டியை லொறியின் முன் ஆசனத்துக்குக் கீழே வைத்து, வாளியில் தண்ணீரும் கை நிறைய மண்ணும் எடுத்துக்கொண்டு கிணற்றடியின் அந்தப் பக்கம் போனார்.

சவிரியான் உடுப்பு மாற்ற வீட்டுக்குள் வந்தான். பாக்கியம்மா மக்டலினுக்குப் பாணும் சம்பலும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பிள்ளை காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. சுவரோரமாகத் தரையில் இருந்து, பீங்கான் தட்டை மடியோடு அணைத்து வைத்துக்கொண்டு தின்றாள். திருக்கைவால் மறுபடி ஆணியில் தொங்கியது. அவளே மாட்டியிருந்தாள்.

"நீ கிட்டத்தானே நிண்டனி" என்றான். கோபமாகக் கேட்க நினைக்கவில்லை. குரல் அப்படித்தான் வந்தது. "ஏன் கூப்பிடேல்லை?"

அவள் பீங்கானைப் பார்த்தபடி சொன்னாள். "தம்பி கிட்டப் போனவுடன செம்பன் மெல்லுறதை நிப்பாட்டினது. நான் கண்டனான்."

"கண்டனியெண்டா?"

"நீங்கள்தானே அப்பா, அது மரியாதை எண்டு சொன்னனீங்கள்."

வெளியே ஹுனைஸ் காக்கா தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

சவிரியான் மாற்றுச் சேட் எடுக்க அலுமாரிப் பக்கம் அடி வைத்தான். அலுமாரி அவள் தலைக்கு மேலே சுவரில் இருந்தது. கையை உயர்த்தினான்.

மக்டலினின் வாய் நின்றது. கன்னத்துக்குள் பாண் அப்படியே இருந்தது. தலை பீங்கானின்மேல் தாழ்ந்தது. உடம்பு அசையவில்லை. கடைக்கண்ணில் கொஞ்சம் வெள்ளை தெரிந்தது.

அவன் கையைக் கீழே விட்டான். நின்ற இடத்திலிருந்து ஓரடி பின்னால் வைத்தான். அவள் மெல்லவில்லை. இன்னோரடி வைத்தான். வாசல் நிலையில் முதுகு முட்டியது. அங்கேயே மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். கிழிந்த கையை மடிக்குள் வைத்துக்கொண்டான்.

லொறி ஹோன் அடித்தது. ஐஸ் கரையுமுன் போக வேண்டும்.

அவன் எழும்பவில்லை. முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தான். ஹோன் மறுபடி அடித்தது. பின்னால், மிக மெதுவாக, அவள் மெல்லத் தொடங்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் எழும்பினான். இரத்தம் பட்ட சேட்டோடேயே லொறியில் ஏறினான்.